மருந்துக்கு மசியாத செல்கள்

எபனேசருக்கு அந்தச் செல்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ரத்தப் புற்றுநோய்ச் செல்கள். ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்கு வேளை தவறாமல் ஊட்டம், உடம்புச் சூட்டில் ஒரு பெட்டி, ராஜ உபசாரம். ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனை முடிந்த கையோடு ஓடிவந்து அவன்தான் ஊட்ட வேண்டும். அதே நோயில் செத்துப்போன அவன் தம்பிக்குக் கடைசியில் ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை.

அந்தச் செல்கள் வளர்ந்த இரண்டு குடுவைகளுக்கும் ஒரே மருந்து போட்டுச் சில நாள் ஆகியிருந்தது. ஒன்றில் செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டன. மற்றதில் ஒன்றுமே நடக்காததுபோல் பெருகிக்கொண்டிருந்தன. எபனேசர் அந்தக் குடுவையில், செல்களைக் கொல்லும் ப்ளீச்சை ஊற்றினான். அப்புறம்தான் அவனுக்கு மூச்சே வந்தது.

பேராசிரியர் மெஹருன்னிசா வந்து பார்த்தார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தணிந்துவிடும். எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான்.

"யார் ஊத்தினது?"

"நான்தான் மேடம்."

"ஏன்?"

"மருந்துக்கு மசியல. மசியாததை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கொலைகாரனுக்குச் சோறு போடுற மாதிரி இருக்கு."

அவர் மிஞ்சியிருந்த குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவினார். சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

"பாரு."

எபனேசர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தான்.

"என்ன தெரியுது?"

"வெள்ளணு மேடம். கிருமியைத் தின்கிற நல்ல வெள்ளணு மாதிரியே இருக்கு."

"போன வாரம் இது என்ன?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "கொலைகாரன்."

"மருந்து இதுக்குள்ள புது ஜீன் ஏதாவது கொண்டுபோய் வெச்சுதா?"

"இல்ல. இருந்த ஜீன்கள்தான். பெருகு பெருகுன்னு விரட்டிட்டு இருந்தது அடங்கிருச்சு. ஊமையா கிடந்ததெல்லாம் வேலைக்கு எழுந்திருச்சு."

"அவ்வளவுதான்."

எபனேசர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். யார்மீது இவ்வளவு ஆத்திரம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"என் தம்பிக்கும் இதே மருந்துதான் குடுத்தாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அவன் ரத்தத்துலயும் இந்த ஜீனெல்லாம் இருந்துச்சுதானே?"

"இருந்தது."

"நல்ல ரத்தமாகுற வழி அதுக்குள்ளயே இருந்துச்சுதானே?"

"இருந்தது."

"அப்புறம் ஏன் எழும்பல? இத்தனை வருஷம் படிச்சிருக்கீங்கல்ல, சொல்லுங்க மேடம். மருந்து போட்டும் ஏன் எழும்பல?"

மெஹருன்னிசா திரும்பிப் போய், ப்ளீச் நெடி அடிக்கும் குடுவையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார்.

"இதுகிட்டதான் அதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றார்.