தலையில் எழுதிய இரண்டாயிரம்

காந்திபுரத்தில் கார்களுக்கு ஆடியோ மாட்டித் தரும் கடை ஒன்றில் ஒலியைப் பெருக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அதன் தலையில் தங்க நிறத்தில் '2000 வாட்ஸ்' என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். உண்மையில் அதனால் தொடர்ந்து தர முடிந்தது நூற்றைம்பதுதான். அதை அட்டைப்பெட்டியின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது?

சென்னியப்பனுக்கும் இல்லை. முதல் கார் வாங்கி, முதல் தடவையாக ஆடியோ மாட்ட வந்திருந்தார்; தங்க எழுத்தைப் பார்த்ததும் அந்த ஆம்ப்ளிஃபயரையே எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் தங்கையின் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை உட்கார்ந்து வரப்போவது இவர் காரில்.

"பேண்டு செட்டே வேண்டாம்னுட்டேன் அம்மணி. என்ற காருலயே பாட்டு. மண்டபம் அதிரோணும்" என்றார்.

கடையில் ஆடியோ மாட்டுகிற தேன்மொழி தலையை ஆட்டினாள். "தலையில இருக்கிற நம்பரை நம்பாதீங்கண்ணா. பெட்டி அடியில சின்னதாப் போட்டிருக்கும், அதைப் பாருங்க. இந்த ஆம்புக்கு, அதிர்வு குடுக்கிற சப்வூஃபர் எட்டு இஞ்ச் போதும்ங்க. பன்னெண்டு இஞ்சுன்னா ஆம்பும் பெருசு வேணும்."

"ரெண்டாயிரம்னு கண்ணு முன்னால போட்டிருக்குதே, அப்பறமென்ன? பன்னெண்டே மாட்டுங்க."

அவள் மாட்டினாள். ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகை அளவு பார்த்து நிறுத்தினாள். "இதை மட்டும் தொடாதீங்கண்ணா. இது வால்யூம் இல்லைங்க, ஆம்பு தாங்குறதுக்கு வெச்ச அளவு" என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் இரண்டு தடவையும் சரி என்றார்.

டிக்கியின் இருட்டில் சப்வூஃபர் மெல்லக் கேட்டது. "நானும் புதுசுதான். ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடு. உன்னால எவ்வளவு முடியும்? எவ்வளவா இருந்தாலும் செரி, அதுக்குள்ள பாடிக்கிறேன்."

ஆம்ப்ளிஃபயருக்குச் சுருக்கென்றது. "தலையில எழுதியிருக்கிறது தெரியலையா?" என்றது.

சனிக்கிழமை ஊர்வலம் கிளம்பியது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் சித்தப்பா கார் ஜன்னலில் குனிந்து, "ஏனுங்க, பேண்டு வேண்டாம்னீங்களாமா? கொசு கத்துறாப்பல இருக்குது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சென்னியப்பனுக்கு முகம் செத்துவிட்டது. இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். சாவி முனையால் அந்தத் திருகைக் கடைசி வரை திருப்பினார்.

ஆம்ப்ளிஃபயர் நூற்றைம்பதில் போய் முட்டியது. அதற்கு மேல் ஏற அதனிடம் ஒன்றும் இல்லை. நிறுத்தவும் மனம் வரவில்லை. ஒவ்வோர் ஒலி அலையின் உச்சியையும் மொட்டையாக வெட்டி வெட்டி அனுப்பியது. பாட்டு கரகரத்தது. வெளியே நின்றவர்களுக்கு அது பலத்த சத்தமாகக் கேட்டது, கூட்டத்தில் விசில் பறந்தது.

"என்னமோ தப்பாக் குடுக்கிறே" என்றது சப்வூஃபர். "எனக்கு மூச்சு விட நேரமில்லை. உள்ள சுருள் சுடுது."

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லேன்! சுமை மீறினா எரியுற உன்ற சிவப்பு விளக்கைப் போட்டுட்டு ஒரு நிமிசம் நில்லு. நான் தப்பிச்சுக்குவேன்."

ஆம்ப்ளிஃபயர் வெளியே கேட்ட விசிலைக் கவனித்தது. "இத்தனை பேரு முன்னாலயா?" என்றது.

"சுடுது" என்றது சப்வூஃபர் மறுபடி. அப்புறம் அது பேசவில்லை.

கார் மண்டப வாசலுக்கு வந்தபோது டிக்கியிலிருந்து கருகல் நாற்றம் அடித்தது. கீழே இருந்த அதிர்வு மொத்தமும் நின்று, பாட்டு தகரம் போலக் கீச்சிட்டது. சென்னியப்பன் பதறி அதையும் அணைத்தார். மாப்பிள்ளை, மண்டபத்து ஜெனரேட்டர் ஓடுகிற சத்தத்தில் இறங்கினார். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடி ஜன்னலில் தங்கை நின்றிருந்தாள். சென்னியப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை தேன்மொழி சப்வூஃபரைக் கழற்றி, அதன் கூம்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை.

"சுருள் கருகிப்போச்சுங்கண்ணா."

"ஆம்பு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலைங்க."

சென்னியப்பன் ஆம்பின் பழைய அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்து, முதல் தடவையாகக் கவிழ்த்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி அந்த எறும்பு எழுத்தைப் படித்தார். "எட்டு இஞ்சே மாட்டுங்க அம்மணி" என்றார் கடைசியில்.

டிக்கி மூடியது. இருட்டில், புதிதாக வந்த எட்டு அங்குலம் தயங்கிக் கேட்டது. "உன்னால எவ்வளவு முடியும்?"

கருகல் நாற்றம் இன்னும் போகவில்லை.

"நூத்தம்பது" என்றது ஆம்ப்ளிஃபயர்.

"அவ்வளவுதானே? செரி, அதுக்குள்ள பாடிக்கிறேன்" என்றது எட்டு அங்குலம்.

பன்னிரண்டு அங்குலமும் இதையேதான் சொல்லியிருந்தது.