வாய் கட்டிய துணி

"அம்மா, கண்ணு என்னைத் தோக்கடிக்குது" என்றார் தாண்டவராயன்.

அவர் அம்மா என்று அழைத்தது அவரைவிட வயதில் இளையவரான வடிவாம்பிகையை. அந்தச் சிறிய மடத்துக்குத் தலைவி அவர்தான்.

தாண்டவராயன் மலைப்பாதையில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மிச்ச நாளெல்லாம் சாமிக்குப் பூப் பறித்துக் கொடுக்க வேண்டும் என்று வந்து, நந்தவனப் பணியைக் கேட்டு வாங்கியிருந்தார். பிடித்தால் விடுகிற ஆள் இல்லை.

இப்போது அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்து, நீர் கொட்டிக்கொண்டிருந்தன. நேற்று அவர் பறித்த சாமந்தியில் புழு இருந்தது. பார்வை மங்கியதில் அவருக்குத் தெரியவில்லை. பூசை செய்பவர் கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு முறை நடந்தால் பணி வேறொருவருக்குப் போய்விடும்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மகரந்தத் தூள் ஒத்துக்கலையாம். அலர்ஜியாம். சொட்டு மருந்து கொடுத்தாரு. கண்ணைக் கசக்கக் கூடாதுன்னாரு."

"கசக்கலையே?"

"சேச்சே. அரிச்சா லேசாத் துடைச்சுக்குவேன், அவ்வளவுதான்."

சொல்லும்போதே துடைத்துக்கொண்டார், கழுத்தில் கிடந்த துணியால்.

சாமிப் பூவின் மேல் மூச்சுக்காற்று படக்கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். பறிப்பவர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வார். பறித்து முடித்ததும் துணி கழுத்துக்கு இறங்கும். தாண்டவராயனின் துணி நாள் முழுக்க அங்கேயே குடியிருந்தது.

"பேசாம சமையல்கட்டுக்கு மாறிக்கிறீங்களா?"

"மாட்டேம்மா." குரல் தடித்தது. "பனியில வழி தெரியாமலே மலை இறங்கினவன் நான். இந்த அரிப்பை ஒரு கை பார்த்துடறேன்."

"பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க" என்றார் வடிவாம்பிகை. "அந்தத் துணியைக் கொடுங்க."

கொடுத்தார்.

வடிவாம்பிகை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, துணியை முக்கிப் பிழிந்தார். தண்ணீர் மஞ்சளாகியது.

கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதுல ரெண்டு சொட்டுக் கண்ணுல விட்டுக்குங்க."

தாண்டவராயன் பின்னால் நகர்ந்தார். "என்னம்மா சொல்றீங்க! அவ்வளவும் பூந்தூளாச்சே!"

வடிவாம்பிகை பிழிந்த துணியைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தார்.

தாண்டவராயன் கிண்ணத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். அரித்த கண்ணுக்கு ஏறிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

வெட்கமாக இருந்தது. அதைவிட, தன் மேலேயே கோபமாக இருந்தது.

"இத்தனை நாளும் பூவைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

வடிவாம்பிகை உள்ளே போய்த் துவைத்து மடித்த வேறொரு துணி கொண்டுவந்தார்.

"குளிர்ந்த தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, கண்ணை மூடி மேல வைங்க. வைக்கிறதோட சரி, தேய்க்காதீங்க. மருந்தை நேரத்துக்கு விடுங்க. நந்தவனத்துலேர்ந்து வந்ததும் கை முகம் கழுவி, வேட்டி மாத்துங்க. வாய்த்துணி அன்னன்னிக்குத் துவைக்கப் போகட்டும்."

"அரிப்பு போயிடுமா?"

"எனக்குத் தெரியாது. நீங்க போக மாட்டேன்னீங்க. அது தெரியும்."

தாண்டவராயன் துணியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் விடிந்ததும் நந்தவனத்தில் இருந்தார். அதற்கடுத்த நாளும் இருந்தார். கண் அரித்த போதெல்லாம் கூடையின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நின்றார். பார்த்தவர்களுக்கு அவர் ஸ்டீயரிங் பிடிப்பது போல இருந்தது.

சாமந்தி முடிந்து புன்னை பூத்த ஒரு காலையில், முகத்தில் ஈரம் சொட்ட, கூடையை வடிவாம்பிகை முன் வைத்தார்.

"ஒரு புழு இருந்துச்சும்மா. இலையில எடுத்து விட்டுட்டேன்."

வடிவாம்பிகை பூக்களைப் பார்த்தார். பிறகு, இன்னும் லேசாகச் சிவந்திருந்த கண்களைப் பார்த்தார்.

"அரிப்பு நின்னுடுச்சா?"

"இல்லம்மா" என்றார் தாண்டவராயன். "கை நின்னுடுச்சு."