உறங்காத வண்டி

கல்வராயன் மலைச் சரிவில் உமையாள் அம்மா ஓர் இல்லம் நடத்திவந்தார். மலையூர்களிலிருந்து நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வந்து தங்குவார்கள். அவர்களுக்குத் தொண்டு செய்ய வந்த சிலர் அம்மாவையே குருவாகக் கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள்.

அவர்களில் ஒருவர் பொன்னம்பலம். சேலத்தில் பழைய லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தவர். குடித்துவிட்டு லாரி ஓட்டிய ஒருவன் அவருடைய தம்பியை மோதிக் கொன்றான். அதற்குப் பிறகு பட்டறையில் அவருக்குக் கை ஓடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்தவர், முதல் நாளே அம்மாவிடம் கேட்டார்.

"மனசு அடங்கவே மாட்டேங்குதும்மா. நான் என்ன செய்யட்டும்?"

"இல்லத்து வண்டியைப் பாத்துக்குங்கண்ணே," என்றார் அம்மா.

அது யாரோ ஒரு அன்பர் கொடுத்த கார். சாவியைத் துளையில் நுழைக்க வேண்டியதில்லை. சாவி நம்மிடம் இருந்தால் போதும், கதவு திறக்கும், பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும். பொன்னம்பலத்துக்குக் கண்ணில் புரை விழுந்திருந்ததால் ஓட்டும் வேலை மரியதாஸிடம் இருந்தது.

மரியதாஸ் முன்பு லாரி ஓட்டியவர். குடியை விடுவதற்காக இங்கே வந்து, விட்ட பிறகும் போகாமல் இருந்தவர். தம்பியைக் கொன்றவன் இவர் அல்ல என்பது பொன்னம்பலத்துக்குத் தெரியும். ஆனாலும் கொட்டகையில் வண்டியை ஒட்டித் தன் கட்டிலைப் போட்டுக்கொண்டார். மரியதாஸ் ஓட்டிவிட்டு வந்ததும் சாவியைக் கேட்டு வாங்கி மடியில் செருகிக்கொள்வார். படுக்கும்போதும் அது மடியில்தான் இருக்கும். மரியதாஸ் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

சில நாட்களில் மழைக்காலம் வந்தது. வண்டியும் படுத்தத் தொடங்கியது. மாலையில் நன்றாக ஓடி வந்து நின்ற வண்டி காலையில் உயிரில்லாமல் கிடக்கும். பேட்டரியைக் கழற்றிக் கீழே கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவார்கள். இரண்டு நாள் ஓடும். மறுபடியும் அதே கதை.

அப்போது இல்லத்தில் தீர்த்தம்மாள் என்ற பெண் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். முதல் பிள்ளையை, டோலி கட்டித் தூக்கி வரும் வழியிலேயே பறிகொடுத்தவள். இந்த முறை பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கீழே ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் தினமும் காலையில் கொட்டகைக்கு வந்து, வண்டி கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

அன்று காலையும் வண்டி கிளம்பவில்லை. தீர்த்தம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் போவதைப் பார்த்த பொன்னம்பலத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் மரியதாஸைக் குறை சொன்னார். வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருப்பார், விளக்கை அணைக்காமல் வந்திருப்பார், குடித்துப் பழகிய புத்திக்கு எது நினைவிருக்கும் என்றார்.

மரியதாஸ் உள்ளே போய்த் தன் பையை எடுத்துவந்தார். செத்த பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார். வளைவுக்குக் கீழே இருக்கும் கடையில் இதைச் சார்ஜ் ஏற்றிப் பால் வேனில் அனுப்பிவிடுகிறேன், அங்கேயே சாயங்கால பஸ்ஸில் ஏறி நான் ஊருக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மா பொன்னம்பலத்திடம் கேட்டார்.

"அவர் விளக்கை அணைக்காம விட்டதைப் பாத்தீங்களா?"

"பாக்கலை. வேற யாரும்மா?"

"பேட்டரி வந்ததும் பாத்துச் சொல்லுங்க."

பிற்பகலில் பேட்டரி வந்தது. பொன்னம்பலம் வண்டியைப் பூட்டி, போனட்டை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரைக் கொடுத்தார். நிறுத்திப் பூட்டிய வண்டி சற்று நேரத்தில் தானாக அடங்க வேண்டும். மீட்டர் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். காத்திருந்தார். மீட்டர் இறங்கவே இல்லை. எதுவோ கரண்டைக் குடித்துக்கொண்டே இருந்தது.

பியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ, அதில்தான் திருடன் இருக்கிறான். முதலில் பாட்டுப் பெட்டிக்கு உரியதைப் பிடுங்கினார். அதுதான் என்று முன்பே முடிவு செய்திருந்தார். மீட்டர் அசையவில்லை. உள்விளக்குக்கு உரியதைப் பிடுங்கினார். அசையவில்லை. ஹாரன், கண்ணாடி, ஃபேன் எல்லாம் பார்த்தாயிற்று. மேலே மழை இருட்டிக்கொண்டு வந்தது. விரல் வழுக்கியது.

அம்மா வந்து பக்கத்தில் நின்றார். உள்ளே தீர்த்தம்மாள் இடுப்பு கடுக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அதை அம்மா சொன்னபோது பொன்னம்பலம் நிமிராமல் அடுத்த பியூஸைப் பிடுங்கினார்.

மீட்டர் சட்டென்று இறங்கியது.

பெட்டி மூடியின் உட்புறம், அந்தப் பியூஸுக்கு நேராக, ஒரு சின்னச் சாவியின் படம் இருந்தது. பொன்னம்பலம் கண்ணைச் சுருக்கி அதையே பார்த்தார். அந்தப் பியூஸில் ஓடும் கருவி கெட்டுப்போயிருக்கும், டவுனிலிருந்து புதிதாக வரவழைக்க வேண்டியிருக்கும் என்றார்.

"அதுக்கு என்னண்ணே வேலை?" என்று கேட்டார் அம்மா.

"சாவி பக்கத்துல இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும்."

"இருந்தா?"

"ஆள் வந்தாச்சுன்னு நெனச்சு முழிச்சுக்கிட்டிருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கை மடிக்குப் போயிருந்தது.

சாவி அங்கேதான் இருந்தது. பிறகு பியூஸைத் திரும்பச் செருகினார். சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா சாவியை வாங்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து, மழைத் தூறலில் நடந்து, கிணற்றடிக்குப் போய் நின்றார்.

பொன்னம்பலம் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அது மெல்ல இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. கடைசியில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வந்து அப்படியே நின்றது.

வீட்டுக்குள்ளிருந்து தீர்த்தம்மாளின் அலறல் கேட்டது.

அம்மா ஓடிவந்து சாவியை அவர் கையில் வைத்தார். சாயங்கால பஸ் இன்னும் வந்திருக்காது. பொன்னம்பலம் ஒயரைப் பேட்டரியில் பழையபடி முடுக்கிவிட்டுச் சரிவில் ஓடினார். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினார்.

மரியதாஸ் வளைவுக்குக் கீழே, சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மேலே எங்கோ பஸ் முனகி இறங்கும் சத்தம் வந்துவிட்டது. பொன்னம்பலம் எதிரில் போய் நின்று சாவியை நீட்டினார்.

"தீர்த்தம்மாளுக்கு வலி எடுத்திருச்சு."

மரியதாஸ் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை.

"வண்டி கிளம்புமா?"

"கிளம்பும்."

"என்ன கோளாறு?"

பஸ் வளைவில் திரும்பி வந்து அவர்களுக்கு முன்னால் நின்றது. கண்டக்டர் படியில் நின்று, ஏறுங்க என்றார்.

"நான்தான்," என்றார் பொன்னம்பலம். "சாவியை மடியிலேயே வச்சுக்கிட்டுப் பக்கத்துல படுத்திருந்தேன். அதனால அது தூங்கவே இல்லை."

மரியதாஸ் பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்துப் போகச் சொன்னார். சாவியை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

வண்டி முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. அம்மாவும் தீர்த்தம்மாளும் பின்னால் இருந்தார்கள். பொன்னம்பலம் முன்னால் மரியதாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை கொட்டியது. கண்ணாடிக்கு அப்பால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால் மரியதாஸின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும், இல்லாத பிரேக்கைத் தேடி அவருடைய கால் தரையை அழுத்தியது. மரியதாஸ் அதைக் கவனித்தார். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பின்னால் தீர்த்தம்மாள் அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

ஆஸ்பத்திரியில் அவளை நேராக ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் முற்பகலில் மழை விட்டிருந்தது. வெளியே மரியதாஸ் வண்டிக் கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொன்னம்பலம் வராந்தாவில் நின்று அவரைப் பார்த்தார். இரண்டு முறை படியில் இறங்கி, இரண்டு முறையும் திரும்பி வந்தார். பிறகு அம்மா இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமாம்மா?"

"எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்ணே?"

"நான் வண்டியைக் கேக்கலை. என்னைப் பத்திக் கேக்கறேன்."

உள்ளே குழந்தை அழுது அடங்கியது.

"மரியதாஸ்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றார் பொன்னம்பலம். "சொன்னாப் போதாதுன்னு தோணுது. எப்படிக் கேக்கிறதும்மா?"

அம்மா வெளியே, மலையேறும் ரோட்டைப் பார்த்தார்.

"திரும்பிப் போறப்ப அவர் பக்கத்துல உக்காந்து தூங்குங்கண்ணே."