பந்தி நிறையவில்லை

செங்கரை நாட்டை ஆண்ட கேசரிமாறன் நல்ல ராஜாதான். ஒரே ஒரு கோளாறு. புதிதாக யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார்.

அந்தத் தலையைத் தேடி வந்து சேர்ந்தவர் லோகநேச பண்டிதர். பன்னிரண்டு தேசம் சுற்றியவர். "மகாராஜா, எல்லை என்பது மனிதன் கிழித்த கோடு. செங்கரைக்காரன், சீனாக்காரன் என்று பேதம் பார்ப்பது சின்ன புத்தி. மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். சபை கை தட்டியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள்தான் பூனை வெளியே வந்தது.

செங்கரையில் ஒரு கல்விச்சாலை. இருநூறு பிள்ளைகள். படிப்புச் செலவு முழுக்க அரண்மனையுடையது.

"இது அநியாயம் அல்லவா?" என்றார் பண்டிதர். "யவன தேசத்துப் பிள்ளைக்கு நாம் கொடுக்கிறோமா? இல்லை. அப்புறம் செங்கரைப் பிள்ளைக்கு மட்டும் எதற்கு? உலகம் முழுக்கக் கொடுக்க நம்மால் ஆகாது. ஆகவே ஒருவருக்கும் கொடுக்காமல் இருப்பதே சமநீதி. அவரவர் சம்பளம் கட்டிப் படிக்கட்டும். மிச்சமாவதில் உலக சகோதர மண்டபம் ஒன்று கட்டுவோம்."

மண்டபத்துக்கு யார் தலைவர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

ராஜா தலையாட்டினார். வெள்ளிக்கிழமை விருந்து, விருந்து முடிந்ததும் ஆணை ஓலையில் முத்திரை என்று முடிவாயிற்று.

சேதி கேட்டு அரண்மனைச் சமையல்காரர் கொண்டப்பர் கையிலிருந்து கரண்டி நழுவியது. அவர் மகன் அங்கேதான் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. சம்பளம் கட்டச் சமையல்காரனால் ஆகுமா? நாடி பிடிக்கக் கற்றவன் இனி அடுப்படியில் விறகு பிளக்க வேண்டியதுதான்.

நேரே மந்திரி ஆவுடையப்பர் வீட்டுக்கு ஓடினார்.

"ஐயா, நீங்கள்தான் ராஜாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்."

"சொன்னேன். சின்ன புத்தி என்றார்கள்."

"அப்போது என் பிள்ளை?"

ஆவுடையப்பர் மோவாயைச் சொறிந்தார். "வெள்ளிக்கிழமை என்னய்யா சமையல்?"

கொண்டப்பருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை பிழைப்பு போகிறது, இவருக்குச் சாப்பாட்டு நினைப்பு! "பருப்பு, புளிக்குழம்பு, பாயசம்" என்றார் வெடுக்கென்று.

"இலை எத்தனை?"

"நூறு."

"போதாது. ஊரில் இருக்கிற வாழையிலை அத்தனையும் அறுத்து வாரும். அரண்மனை வாசல் தாண்டிப் போட்டுக்கொண்டே போகச் சொல்லும். நான் நிறுத்தச் சொல்கிற வரை நிறுத்தக் கூடாது."

"ராஜா சாப்பாடு தாமதமானால் என் தலை போய்விடுமே ஐயா!"

"போனால் என் தலை போகும். உமக்குக் கை வலிக்கும். அவ்வளவுதான். போம்."

வெள்ளிக்கிழமை வந்தது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவும் எல்லாரோடும் ஒரே பந்தியில்தான் உட்காருவார். கடைசி இலையில் சோறு விழுகிற வரை யாரும் கை வைக்கக் கூடாது. ராஜாவும்தான்.

சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. நெய் மணந்தது. பண்டிதர் கையை நீட்டினார்.

"பொறுங்கள்" என்றார் ஆவுடையப்பர். "பந்தி நிறையவில்லை."

ஒரு நாழிகை போயிற்று. சோறு ஆறிற்று.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் ராஜா.

"இலை போய்க்கொண்டே இருக்கிறது மகாராஜா. கடைத்தெரு தாண்டித் துறைமுகம் போய்விட்டார்கள். நடுவில் மாடு தின்றதை மறுபடி போடுகிறார்கள்."

"துறைமுகத்துக்கு எதற்கு?"

"அங்கிருந்து கப்பலில் யவன தேசம். அப்புறம் சீனம். ஒரே குடும்பம் அல்லவா? குடும்பத்தில் பாதிப் பேர் உட்காராமல் நாம் மட்டும் தின்றால் நன்றாகவா இருக்கும்?"

"எப்போது முடியும்?"

"காற்று நன்றாக அடித்தால் அடுத்த தையில்."

ராஜாவின் வயிறு உறுமியது. எல்லாருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. நெய்க்கிண்ணத்தோடு நின்ற கொண்டப்பர் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"என்ன பண்டிதரே, இது சரிதானா?" என்றார் ராஜா.

பண்டிதர் எச்சில் விழுங்கினார். "கொள்கைப்படி... சரிதான்."

இன்னொரு நாழிகை. பாயசத்தில் ஆடை கட்டியது. பண்டிதர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று வெடித்தார்.

"சீனாக்காரனுக்குச் சீனத்து ராஜா போடுவான் ஐயா! இங்கே பசித்து உட்கார்ந்திருப்பவன் நான்! எனக்கு இந்த ராஜா போடாமல் வேறு எவன் போடுவான்?"

ஆவுடையப்பர் குரலை உயர்த்தவில்லை. "இதைத்தானே ஐயா அந்த இருநூறு பிள்ளைகளும் கேட்கிறார்கள்?"

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், விலா நோகச் சிரித்தார். ஆணை ஓலையை வாங்கி இரண்டாக முறித்துப் போட்டார். "கல்விச்சாலை இருந்தபடியே இருக்கட்டும். ஆனால் ஆவுடையப்பரே, நிஜமாகவே ஒரு சீனாக்காரப் பிள்ளை படிக்க வந்து நின்றால்?"

"அவனுக்கும் சேர்த்துத்தான் மகாராஜா. வந்து உட்கார்ந்தவனை எந்த ஊர் என்று கேட்க மாட்டோம். வராதவனைக் காட்டி வந்தவனை எழுப்புகிற வேலைதான் வேண்டாம்."

ராஜாவின் முத்துமாலை ஆவுடையப்பர் கழுத்துக்குப் போயிற்று. கொண்டப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவன் கேட்டதற்கு, புகை என்றார். பந்தியில் ஏது புகை?

"சாப்பிடுங்கள்!" என்றார் ராஜா. நாலு கவளம் உள்ளே போனதும் அவருக்குக் குறும்பு திரும்பியது. "பண்டிதரே, உலக சகோதரத்துவம் பற்றி இப்போது என்ன சொல்கிறீர்?"

பண்டிதர் நிமிரவில்லை. வாய் நிறையச் சோறு.

"பக்கத்து இலைச் சகோதரர் பாயசத்தைத் தொடவே இல்லை" என்றார். "அதை இப்படித் தள்ளச் சொல்லுங்கள்."