ஐந்தாவது முறை

"கோர்ட்டு வாய்ப்பு கொடுத்திருச்சு மேடம். இப்பத்தான் பயமா இருக்கு" என்றான் செல்வின்.

கல்லூரியில் பாடம் எடுக்கும் ஆயிஷா மேடம் லேகியத்துக்காக நெல்லிக்காயில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

செல்வினுக்கு வயது முப்பத்தாறு. மேடத்தைவிட ஐந்து வயது மூத்தவன். பார்த்த வேலையை விட்டுவிட்டு சித்த மருத்துவம் படிக்க வந்தவன்.

முதலாண்டு உடலியல் தாளில் நான்கு முறை போய்விட்டது. நான்குக்கு மேல் கிடையாது என்பது விதி. கல்லூரி பெயரை நீக்கியது. அவன் வழக்குப் போட்டான்.

இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம் என்று உத்தரவு வந்திருந்தது. தேர்வுக்கு முப்பது நாள்.

"என்ன பயம்?"

"காலைல படிச்சது மத்தியானம் இருக்கிறதில்ல. இதயத்துல வலது அறை எது, இடது அறை எதுன்னு இன்னமும் குழம்புது. என் மண்டைல எதுவும் தங்காது மேடம்."

மேடம் இன்னொரு நெல்லிக்காயை எடுத்தார்.

"அது கிடக்கட்டும். வழக்குல என்னதான் நடந்தது? முழுசாச் சொல்லுங்க."

செல்வின் சொன்னான். விதி திருத்தப்பட்ட தேதி, அவன் சேர்ந்த தேதி, இரண்டுக்கும் இடையே எத்தனை நாள். அம்மை போட்டுப் படுத்திருந்த தேர்வையும் ஒரு முயற்சியாகக் கணக்கிட்டது ஏன் தவறு. எதிர்த்தரப்பு சொன்னது, நீதிபதி கேட்டது, தன் வக்கீல் தடுமாறியபோது இவன் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்த வரி.

நெல்லிக்காய் தீர்ந்துவிட்டது.

"அம்மை விஷயம் மனுவுல பதினெட்டாவது பத்தின்னுதானே சொன்னீங்க?"

"பத்தொன்பது மேடம். பதினெட்டுல வருகைப் பதிவு."

"இவ்வளவையும் எப்ப மனப்பாடம் பண்ணினீங்க?"

செல்வினுக்குச் சிரிப்பு வந்தது.

"மனப்பாடமா? என் வழக்கு மேடம் இது."

மேடம் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மேசைமேல் கிடந்த அவனுடைய உடலியல் புத்தகத்தைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார்.

"வலது மணிக்கட்டுல மூணு விரல் வைங்க."

வைத்தான்.

"என்ன தெரியுது?"

"துடிக்குது."

"இது யாரு வழக்கு?"

செல்வின் விரலை எடுக்கவில்லை. அப்படியே குனிந்து படிக்கத் தொடங்கினான்.

பக்கம் புரட்ட அவனுக்குக் கை ஒழியவில்லை. மேடம்தான் புரட்டிக்கொடுத்தார்.