நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

"டீச்சர், ஒட்டு தெரியுது."

குலசேகரன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காலையிலிருந்து இது நான்காவது தடவை.

அவருக்கு அறுபத்தோரு வயது. தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் டீச்சர் என்று கூப்பிட்ட ரஹ்மத்நிசாவுக்கு முப்பத்து மூன்று. திருச்சி தென்னூரில் ஒரு மாடியறையில், பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கும் சின்ன ஸ்டுடியோ அவளுடையது. எட்டு மாதமாகக் குலசேகரன் அவளிடம் தொழில் படிக்கிறார். பதிவை வெட்டப் பழகிவிட்டார். ஒட்டத்தான் கை வரவில்லை.

ரஹ்மத்நிசா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

கரகரத்த ஒரு பெண்குரல் வாசித்துக்கொண்டே வந்தது. சட்டென்று வேறொரு குரல், இளசு, கண்ணாடி மாதிரித் தெளிவு.

"ஆமாண்ணே. தெரியுது."

"என்ன பண்ணட்டும்?"

"இன்னொரு தடவை கேளுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அது பதினோராம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம். கரகரத்த குரல் எமல்டாம்மாவுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஒன்பது வருஷமாகக் காசு வாங்காமல் வாசித்தவர். இந்தப் பதிவுகளைக் கேட்டுப் படிக்கும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அவர் முகம் தெரியாது, மூச்சு தெரியும். ஆறாம் பாடத்தின் நடுவில், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், தொண்டை அடைத்து எழுந்து போனார். பிறகு வரவில்லை. டாக்டர்கள் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மிச்சத்தை வாசிக்க ஒரு பெண் கிடைத்தாள். தில்லைநாயகி. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, இருபத்து நான்கு வயது. சனிக்கிழமைகளில் வந்து வாசித்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

பாடத்தை முதலிலிருந்து அந்தப் பெண்ணையே வாசிக்கச் சொல்லியிருக்கலாம். வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அதற்கு எமல்டாம்மா கடைசியாக வாசித்த ஆறு பக்கத்தைத் தூக்கிப் போட வேண்டும். குலசேகரனுக்கு மனசு வரவில்லை.

ஆகவே ஒட்டினார்.

ஒரு குரல் இறங்கும்போதே இன்னொன்று ஏறி வரவேண்டும். அதற்குக் கிராஸ்ஃபேட் என்று பேர். கால் நொடி வைத்துப் பார்த்தார். தடுக்கியது. இரண்டு நொடி வைத்தார். இரண்டு பேரும் சண்டை போடுவது மாதிரி இருந்தது. எமல்டாம்மாவின் பழைய பதிவுகளிலிருந்து நல்ல வார்த்தைகளைப் பொறுக்கி வந்து, கரகரப்பான இடங்களில் வைத்தார். ஒரே வாக்கியத்தில் அந்த அம்மா மூன்று வெவ்வேறு வயதில் பேசினார். இரண்டு குரலுக்கும் அடியில் ஃபேன் சத்தத்தைப் பரப்பினார். ஃபேன் நன்றாக ஒட்டிக்கொண்டது. குரல்கள் ஒட்டவில்லை.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கியது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், எனக்கு இது வராது. வயசாயிடுச்சு. நீங்களே ஒட்டிக் குடுத்துடுங்க."

ரஹ்மத்நிசா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். கை கழுவிவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்காங்களா?"

"யாரு?"

"எமல்டாம்மாவும் அந்தப் பொண்ணும்."

குலசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. "எதுக்குப் பார்க்கணும்? ரெண்டும் வேற வேற ஃபைல்."

அவள் சிரிக்கவில்லை.

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

அவர் மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். எமல்டாம்மா வீடு பாலக்கரையில். ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். இரண்டு தடவை கிளம்பிவிட்டுத் திரும்பி வந்திருந்தார். குரல் போகப்போகிற ஒரு மனுஷியிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ரஹ்மத்நிசா எழுந்தாள். கம்ப்யூட்டரின் பின்னால் கைவிட்டு வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

"டீச்சர்! சேவ் பண்ணலை!"

"தெரியும்."

அலமாரியிலிருந்து கையடக்க ரெக்கார்டரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு போய் அடுத்த வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் அவர் கோபமாக உட்கார்ந்திருந்தார். யாரும் சமாதானம் சொல்ல வரவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

எமல்டாம்மாவே கதவைத் திறந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கழுத்தில் ஒரு பருத்தித் துண்டு.

"வாங்க சார்." காற்றும் குரலுமாகக் கலந்து வந்தது. "மூணு வாரமா என்ன செய்றீங்க?"

"உங்க குரலைத்தாம்மா கேட்டுக்கிட்டிருக்கேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்."

"அதுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நேராவே கேட்டிருக்கலாமே."

குலசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். கண் கரித்தது.

"உட்காருங்க. காப்பி போடுறேன். திங்கக்கிழமை ஆபரேஷன். அதுவரைக்கும் என்கிட்ட யாராவது பேசணும். எல்லாரும் சைகையிலேயே ஆரம்பிச்சுட்டாங்க, எனக்கு ஏதோ காது போற மாதிரி."

குலசேகரன் சிரித்துவிட்டார். அந்த அம்மாவும் சிரித்தார். காப்பி குடித்துக்கொண்டே, அந்தப் பெண்ணோடு சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க முடியுமா என்று குலசேகரன் கேட்டார்.

தில்லைநாயகி முதலில் மறுத்தாள்.

"சார், நான் எப்படி அவங்க முகத்தைப் பார்க்கிறது? அவங்க இடத்தைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சும்மா. காப்பி குடுத்தாங்க."

சனிக்கிழமை காலை கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். எமல்டாம்மா அவளைத் தன் பக்கமாக இழுத்து ஒட்ட உட்கார வைத்துக்கொண்டார். புத்தகத்தை இருவர் மடிக்கும் பொதுவாக வைத்தார்.

"நீதானா அது? 'ஏரி'ங்கிற வார்த்தையை நீ நல்லாச் சொல்லுவியாம். சார் சொன்னாரு. எனக்கு 'ழ'தான் நல்லா வரும். சரி, எங்க விட்டேன்?"

"நூத்தி நாப்பத்தி மூணு, ஆன்ட்டி."

குலசேகரன் ரெக்கார்டரை ஜன்னல் திண்டில் வைத்து, பட்டனை அழுத்தினார்.

எமல்டாம்மா விட்ட இடத்துக்கு ஒரு பத்தி முன்னாலிருந்து தொடங்கினார். சோழர் கால ஊர்ச்சபையும், ஏரியைப் பார்த்துக்கொண்ட வாரியமும். முதல் வரி நன்றாகவே வந்தது. இரண்டாவது வரியில் குரல் கிழிந்தது. அவர் நிறுத்தவில்லை. முழங்கையால் பெண்ணை லேசாக இடித்தார்.

தில்லைநாயகி சேர்ந்துகொண்டாள். முதலில் முணுமுணுப்பாக, பெரியவர் முன்னால் பேசுவது மாதிரி. பிறகு, பக்கத்திலிருந்து வரும் மூச்சுக்குத் தகுந்தபடி தன் மூச்சை வைத்துக்கொண்டாள். அவர் எங்கே நிதானித்தாரோ அங்கே அவளும் நிதானித்தாள். அவருக்குக் குரல் எட்டாத இடத்தில் அவளுடையது கொஞ்சம் உயர்ந்தது. எட்டிய இடத்தில் தாழ்ந்தது. நடுவில் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. இருவரும் வாசித்துக்கொண்டே போனார்கள்.

பக்கம் புரண்டது. புரட்டியது எமல்டாம்மாவின் கை. இப்போது கேட்பது இளைய குரல் மட்டும்தானா என்று குலசேகரன் பார்த்தார். எமல்டாம்மாவின் விரல் வரிமேல் ஓடிக்கொண்டிருந்தது. உதடுகள் அசைந்தன.

பாடம் முடியும்வரை அப்படியேதான் இருந்தது. முடிந்ததும் அந்தப் பெண் அழுதாள். எமல்டாம்மா தன் கழுத்துத் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை, ஆபரேஷன் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ரஹ்மத்நிசா அந்தப் பதிவை முழுதும் கேட்டாள்.

"எத்தனை நொடி ஃபேட் வைக்கட்டும் டீச்சர்?"

"இதுல கை வைக்காதீங்க."

"குக்கர் விசிலையாவது எடுத்துடவா?"

"ஏன், பிள்ளைங்க வீட்டுல சோறு ஆக்குறதில்லையா?"

அப்படியே அனுப்பினார்கள்.

பரீட்சை முடிந்த மறுநாள் ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. ஜெபசிங் என்ற மாணவன்.

"சார், ஒரு சந்தேகம். ஆறாம் பாடத்துல எமல்டா மேம் எந்த வரியில நிறுத்துறாங்க? நாங்க மூணு பேரு மூணு வரி சொல்றோம். மூணு நாளா சண்டை."

"இருப்பா, பார்த்துச் சொல்றேன்."

குலசேகரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரு தடவை கேட்டார். இந்த வரிதான் என்று குறித்துக்கொண்டார். மறுபடி கேட்டார். இல்லை, அடுத்த வரியிலும் அந்த மூச்சு இருந்தது. அதற்கடுத்த வரியிலும் இருப்பது போலிருந்தது. தாளில் குறித்ததை அடித்துவிட்டார்.

"டீச்சர், எந்த வரின்னு கண்டுபிடிக்க முடியலை. நீங்க கொஞ்சம் கேளுங்களேன்."

"நான் எதுக்கு? வாசிச்சவங்க இருக்காங்கல்ல."

அன்று மாலை இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எமல்டாம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பெரிய கட்டு. மடியில் ஒரு நோட்டும் பேனாவும். அவர்களைப் பார்த்ததும் கையை நீட்டினார். ரஹ்மத்நிசா அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

குலசேகரன் இந்தத் தடவை பேச்சுக்குத் தடுமாறவில்லை. பிள்ளைகளின் சண்டையை விலாவாரியாகச் சொன்னார். எமல்டாம்மாவின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பு.

"சொல்லுங்கம்மா. பசங்களுக்குப் பதில் சொல்லணும். எந்த வரியில நிறுத்தினீங்க?"

எமல்டாம்மா பேனாவை எடுத்தார். எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பினார்.

"நிறுத்தினேனா?"