சித்திரை வெயிலில் ஈரத் தெரு

கள்ளுக்கடை மறியலுக்காகச் சிறை சென்று இரண்டு வருஷம் கழித்து விடுதலையான அணைஞ்சபெருமாள், வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆற்றங்கரை மடத்துக்கு வந்தார். தமக்குத் தமிழும் தேவாரமும் சொல்லிக்கொடுத்த சித்தானந்த அடிகளை வணங்கி எழுந்தார். தலையில் பாதி நரைத்திருந்தது.

"ஊரில் உனக்குப் பந்தல் போட்டிருக்கிறார்களே" என்றார் அடிகள்.

"நான் போகவில்லை, சாமி. பட்டணத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன். இனிமேல் என் பேருக்கு முன்னால் பனையடியூர் என்று போடப்போவதும் இல்லை. அது சரிதானா என்று கேட்கத்தான் வந்தேன்."

"ஊர் என்ன செய்தது?"

"ஒன்றும் செய்யவில்லை. அதுதான் குறை. என்னைக் கைவிலங்கு போட்டு ரயிலடிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கடைத்தெரு முழுக்க ஒரு கதவு திறந்திருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த தெரு, சாமி. ஒரு முகம் எட்டிப் பார்க்கவில்லை."

"உன்னைக் கொண்டுபோகும்போது கதவைத் திறந்தால் சுடுவோம் என்று தமுக்கடித்திருந்தார்கள்."

"தெரியும். இருந்தாலும் மனசு ஆறவில்லை."

அடிகள் அவர் பாதங்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"செருப்புப் போட்டிருந்தாயா?"

"கழற்றச் சொல்லிவிட்டார்கள்."

"என்ன நேரம்?"

"உச்சிவேளை. சித்திரை மாசம்."

"கால் சுட்டதா?"

அணைஞ்சபெருமாள் பதில் சொல்ல வாயெடுத்தவர், நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"இல்லை" என்றார் மெதுவாக. "தெரு ஈரமாக இருந்தது. நான் கதவுகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன்... கோடை மழை பெய்திருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ."

"அந்த வருஷம் மழை ஏது? குளம் வெடித்துக் கிடந்தது. பெண்கள் இந்த ஆற்றுக்கு வந்து ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துப் போனார்கள். நான் அன்றைக்கு உங்கள் ஊரில்தான் இருந்தேன். தமுக்குச் சத்தம் ஓய்ந்தது. உன்னைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெளியே கொண்டுவருவதற்குக் கொஞ்சம் முன்னால், எண்ணெய்க் கடை ஆவுடையம்மாள் ஒரு குடத்தோடு வெளியே வந்தாள். தன் வீட்டு முன்னால் தெருவில் அப்படியே கவிழ்த்தாள். சப்-இன்ஸ்பெக்டர் ஓடிவந்தான்."

"ஐயோ. அடித்தானா?"

"'என்னம்மா செய்யுறே?' என்றான். 'வாசல் தெளிக்கேன்' என்றாள். 'வாசலைக் காலையிலதானே தெளிப்பாங்க? உச்சி வெயில்ல யாரு தெளிப்பா?' என்று கத்தினான். அவள், 'எங்க ஊருக்கு இப்பத்தான் விடியுது, ஐயா' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்."

அணைஞ்சபெருமாள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வாசல் தெளிக்கக் கூடாது என்று உத்தரவில் இல்லை. அவன் என்ன செய்வான்? அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. ஒரு குடம் கவிழ்ந்தது. கதவு மூடியது. அதற்கடுத்த வீடு. எதிர்வரிசை. அப்படியே ரயிலடி வரைக்கும். அன்றைக்கு உங்கள் தெருவில் யாரும் உலை வைக்கவில்லை. குடிக்கக்கூடத் தண்ணீர் கிடையாது."

அணைஞ்சபெருமாள் குனிந்து தம் பாதங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணீர் விழுந்தது.

"எந்தெந்த வீடு, சாமி? இப்போதே போய்க் கும்பிட வேண்டும்."

"எந்த வீட்டு முன்னால் உன் கால் சுட்டதோ, அந்த வீட்டை விட்டுவிடு. மற்ற வீடுகளுக்கெல்லாம் போ."

"எங்கேயும் சுடவில்லை, சாமி."

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மடத்து வாசல்வரை போனவர், தாங்கமாட்டாமல் திரும்பினார்.

"அண்ணன் சிறைக்கு வந்து என்னைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருத்தர்கூட இதை எனக்குச் சொல்லவில்லையே!"

அடிகள் சிரித்தார்.

"வாசல் தெளித்ததை யாரப்பா வெளியே சொல்லிக்கொண்டிருப்பார்கள்?"